மெனு கார்டைப் பார்த்து ஏன் பயப்படணும்?



திருவொற்றியூர்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். காலேஜ் முடிச்சு ஒரு ஐ.டி. கம்பெனியில சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுது. முதல் டீம் டின்னர், ஒரு பெரிய ஹோட்டல்ல. அவர் சொன்னதை அப்படியே சொல்றேன்: “அண்ணா, இன்டர்வியூல கூட எனக்குக் கை நடுங்கல. மெனு கார்டைத் திறந்ததும் நடுங்கிடுச்சு. பாதிப் பேரு வாயில நுழையல. நுழைஞ்சது என்னன்னு புரியல. பக்கத்துல இருந்தவரு சொன்னதையே எனக்கும்னு சொல்லிட்டேன். வந்தது பிடிக்கல. பிடிச்ச மாதிரி சாப்பிட்டேன். இந்தப் பேரையெல்லாம் எங்க போய்ப் படிக்கிறது?”

கேட்டதும் ஒரு லிஸ்ட் போட்டு அனுப்பிடலாம்னுதான் நினைச்சேன். உட்கார்ந்து ஒவ்வொரு பேரா நோண்ட ஆரம்பிச்சா, அதுல பல பேரு ஏதோ ஒரு துறைமுகத்துல, இல்ல ஏதோ ஒரு ஏழை வீட்டு அடுப்புல போய் நிக்குது. அதுல ஒண்ணு நம்ம கடற்கரையில இருந்தே கப்பல் ஏறின வார்த்தை. அதான் லிஸ்ட்டா அனுப்பாம ஒரு எபிசோடாவே பேசிடலாம்னு வந்துட்டேன்.

பேரை உடைச்சுப் பார்த்தா

ஐரோப்பியச் சாப்பாட்டுப் பேரு பெரும்பாலும் நாலு வழியில வருது. இந்த நாலு தெரிஞ்சா மெனுவுல பாதி திறந்துடும்.

முதல் வழி, பாத்திரம். ‘பயேயா’ன்னு ஒரு ஸ்பானிஷ் அரிசிச் சாப்பாடு. அந்தப் பேருக்கு வாலென்சியா மொழியில அர்த்தம் வாணலி, அவ்வளவுதான். ‘கேசரோல்’ பிரெஞ்சுல சமையல் சட்டி. இங்கிலீஷ்ல அந்தச் சட்டியில வெந்த சாப்பாட்டுக்கும் அதே பேரு. நம்ம ஊர்ல சப்பாத்தி சூடு ஆறாம இருக்க வைக்கிற ஹாட் பாக்ஸை கேசரோல்னு விக்கிறாங்க. ஒரே பேரு சட்டியாச்சு, சாப்பாடாச்சு, டப்பாவும் ஆச்சு. நம்மகிட்டயும் கரண்டி ஆம்லெட் இருக்கே. அதே லாஜிக்தான்.

ரெண்டாவது வழி, ஊர். போலோனா ஊரோட பேருல போலோனீஸ், ஃபிராங்க்ஃபர்ட் பேருல ஃபிராங்க்ஃபர்ட்டர், ஹாம்பர்க் பேருல ஹாம்பர்கர். ஆம்பூர் பிரியாணி, திருநெல்வேலி அல்வா சொல்ற நமக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

மூணாவது வழி, செய்முறை. ‘சொத்தே’ன்னா பிரெஞ்சுல குதிச்சது. சூடான வாணலியில காய்கறி குதிக்குது இல்லையா, அது. ‘பன்ன கோட்டா’ இத்தாலியன்ல காய்ச்சின க்ரீம். ‘குரோக்கெட்’ பிரெஞ்சுல மொறுமொறுன்னு கடிக்கிற சத்தத்துல இருந்து வந்த பேரு. ‘ஃபில்லெட்’ சின்ன நூல்.

நாலாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: வேலை. ‘கூலாஷ்’ ஹங்கேரி நாட்டுக் குழம்பு. அங்க ‘குயாஷ்’னா மாடு மேய்க்கிறவர். மேய்க்கப் போன இடத்துல அவர் பொங்கித் தின்னது இன்னைக்கு வெள்ளைத் துணி விரிச்ச மேசைக்கு வந்திருக்கு. ‘ஷெப்பர்ட்ஸ் பை’ ஆடு மேய்க்கிறவரோடது. ‘காட்டேஜ் பை’ குடிசை வீட்டோடது. ‘காச்சியாத்தோரே’ வேட்டைக்காரர் பாணி. ‘மரினாரா’ மாலுமிகள் பாணி. மாலுமின்னதும் மீன் இருக்கும்னு நினைச்சுக்காதீங்க. மரினாரா சாஸ் தக்காளியும் பூண்டும்தான்.

அந்தத் தம்பியை மிரட்டின வார்த்தைங்க என்னன்னு இப்ப பாருங்க: வாணலி, சட்டி, மாட்டுக்காரர், குடிசை. இதே வார்த்தைகளைத் தமிழ்ல எழுதி மெனு கார்டுல போட்டிருந்தா அந்த விலைக்கு வித்திருக்குமா?

பேக்கரியில ஏற்கெனவே தெரிஞ்ச வார்த்தைகள்

“எனக்கு ஐரோப்பியச் சாப்பாட்டுப் பேரு ஒண்ணும் தெரியாது”ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு பேக்கரியில போய் நின்னு ஒரு கட்லெட், ஒரு பப்ஸ், ரெண்டு ரஸ்க்னு கேட்டவங்கதான் நாம எல்லாரும்.

கட்லெட் பிரெஞ்சு வார்த்தை. அங்க ‘கோத்லெத்’. ‘கோத்’னா விலா எலும்பு, ‘கோத்லெத்’ சின்ன விலா எலும்பு. எலும்போட வெட்டின ஆட்டுக்கறித் துண்டுக்குத்தான் முதல்ல அந்தப் பேரு. இங்கிலீஷ்காரங்க அதை வாங்கினாங்க, இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. இங்க வந்து எலும்பு போச்சு, அப்புறம் கறியும் போச்சு. உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் பட்டாணியும் உள்ள வந்து உட்கார்ந்துச்சு. வெஜிடபிள் கட்லெட்டை நேரா மொழிபெயர்த்தா ‘காய்கறி விலா எலும்பு’. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல, நல்லாத்தான் இருக்கு.

பிஸ்கட்டுக்கு லத்தீன் வழியில அர்த்தம் ரெண்டு தடவை சுட்டது. நம்ம பாட்டிங்க சொல்ற ‘பிஸ்கோத்து’ போர்த்துகீசிய ‘பிஸ்கோய்த்து’. ரஸ்க் வந்தது ‘ரோஸ்கா’ங்கிற ஸ்பானிஷ், போர்த்துகீசிய வார்த்தையில இருந்து. முறுக்கின ரொட்டின்னு அர்த்தம். ரொட்டியை ஏன் ரெண்டாவது தடவை சுடணும்? ஈரம் போனாத்தான் மாசக்கணக்குல கடல்ல கெடாம இருக்கும். கல்லு மாதிரி இருந்த அந்தக் கப்பல் பிஸ்கட்டை மாலுமிங்க சூப்புலயோ தண்ணியிலயோ ஊறவெச்சுத்தான் கடிச்சாங்க. ஹார்பர் கேட்டுக்கு எதிர்க்க டீயில ரஸ்க் முக்கிச் சாப்பிடுறவரும் அதைத்தான் செய்றார், கப்பல் மட்டும்தான் இல்ல.

துறைமுகத்துக் குழம்புகள்

அடுத்தது மூணு துறைமுகம். லிவர்பூல், ஹாம்பர்க், மார்சே.

லிவர்பூல்ல ‘ஸ்கவுஸ்’னு ஒரு குழம்பு. கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட் எல்லாம் ஒண்ணாப் போட்டு வேகவெச்சது. முழுப் பேரு ‘லாப்ஸ்கவுஸ்’, மாலுமிகளோட சாப்பாடு. கறி வாங்கக் காசு இல்லாத நாள்ல கறியே போடாம வைப்பாங்க, அதுக்கு ‘பிளைண்ட் ஸ்கவுஸ்’னு பேரு, அதாவது குருட்டு ஸ்கவுஸ். மாசக் கடைசியில மீன் போடாம மீன் குழம்பு மசாலா வெச்சுக் கூட்டுற குழம்பு நமக்குத் தெரியாததா? லிவர்பூல்காரங்களுக்கே ‘ஸ்கவுஸர்’னு பேரு வந்துடுச்சு. முதல்ல கிண்டல். இன்னைக்கு அவங்களே பெருமையா நெஞ்சுல தட்டிச் சொல்லிக்கிற பேரு.

ஹாம்பர்க்ல அதே குடும்பத்துல ‘லாப்ஸ்கௌஸ்’. உப்புக்கண்டம் போட்ட மாட்டுக்கறியையும் உருளைக்கிழங்கையும் மசிச்சு, கூட பீட்ரூட், மேல ஒரு முட்டை, பக்கத்துல ஊறவெச்ச மீன். பார்க்க அவ்வளவு அழகா இருக்காது. அந்த ஊருக்குப் போறவங்க கட்டாயம் சாப்பிடணும்னு பேர் வாங்கின அயிட்டம் அது.

மார்சே, பிரான்ஸோட தெற்குத் துறைமுகம். அங்க ‘பூயபேஸ்’. பேருக்கு அர்த்தம் கொதிச்சதும் தீயைக் குறை. ஒரு செய்முறைக் குறிப்பே பேராயிடுச்சு. பாறை இடுக்குல கிடைக்கிற, முள்ளு அதிகமான, சந்தையில விலை போகாத மீனை மீனவங்க கரையிலயே வேகவெச்சுச் சாப்பிட்டதுதான் ஆரம்பம்னு சொல்வாங்க. காசிமேட்டுல வஞ்சிரமும் வவ்வாலும் ஏலத்துல போயிடும். வீட்டுக் குழம்புக்கு வர்றது காரப்பொடி. அந்தக் கணக்குதான் மார்சேலயும்.

மார்சேக்காரங்க இன்னொண்ணும் செஞ்சாங்க. 1980-ல அந்த ஊர் ரெஸ்டாரன்ட்காரங்க சிலர் சேர்ந்து ஒரு சாசனம் எழுதினாங்க. பூயபேஸ்னு பேரு போட்டா, பட்டியல்ல இருக்கிற மீன் வகையில குறைஞ்சது நாலு இருக்கணும், பரிமாற ஒரு முறை இருக்கு, இப்படி. ஏதோ ஒரு மீன் சூப்பை வெச்சுக்கிட்டு அந்தப் பேரை வித்துடக் கூடாதுன்னு. ஒரு மீனவக் குழம்போட பேரைக் காப்பாத்த மேசை போட்டு உட்கார்ந்து பேசியிருக்காங்க.

நம்ம ஊர் வார்த்தை

மெனு கார்டுல சூப் பக்கத்துல ‘மல்லிகடானி’ன்னு பார்த்திருப்பீங்க. இதுல மல்லி இருக்கான்னு நீங்க தேடுனா தப்பில்ல, காதுல அப்படித்தான் விழுது. ஆனா அது ‘மிளகுத் தண்ணி’. வேகமா பத்து தடவை சொல்லிப் பாருங்க, ஒரு வெள்ளைக்கார சிப்பாய் காதுல எப்படி விழுந்திருக்கும்னு புரியும்.

1886-ல ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல்னு ரெண்டு பேர் ‘ஹாப்சன்-ஜாப்சன்’னு ஒரு அகராதி போட்டாங்க. இந்தியாவுல இருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தைகளுக்கான அகராதி. அதுல மல்லிகடானிக்கு வேர் தமிழ்னு தெளிவா எழுதியிருக்கு. அந்த வார்த்தை வர்ற 1784-ஆம் வருஷத்துப் பாட்டு ஒண்ணையும் காட்டுறாங்க. ஹைதர் அலியோட கைதியா பெங்களூர் சிறையில கிடந்த ஒரு கடற்படைக்காரர் பாடினது. அவருக்குக் கிடைச்ச சாப்பாடு ரெண்டு: மிளகுத் தண்ணி, கஞ்சி. ரெண்டுமே தமிழ். ரெண்டும் இங்கிலீஷ் அகராதிக்குள்ள போயிடுச்சு.

அந்த அகராதியில இன்னொரு சுவாரசியமும் இருக்கு. மெட்ராஸ் மாகாணத்துல வேலை பார்த்த இங்கிலீஷ்காரங்களுக்கு மத்த மாகாணத்துக்காரங்க வெச்ச பட்டப்பேரு ‘மல்’. மல்லிகடானியோட சுருக்கம். லிவர்பூல்காரன் ஸ்கவுஸர்னா மெட்ராஸ்காரன் மல். குழம்பால பேரு வாங்கினது அந்தத் துறைமுகம், ரசத்தால பேரு வாங்கினது இந்தத் துறைமுகம்.

இங்கிலீஷ்காரங்களுக்கு ரசத்தைத் தனியாக் குடிச்சுப் பழக்கமில்ல. அவங்க சாப்பாடு சூப்புல ஆரம்பிக்கும். அதனால மிளகுத் தண்ணியில கறி சேர்த்தாங்க, மாவு போட்டுக் கெட்டியாக்கினாங்க, க்ரீம் ஊத்தினாங்க, சில வீட்டுல ஆப்பிள் கூடப் போட்டாங்க. 1878-ல கென்னி-ஹெர்பர்ட்னு மெட்ராஸ் ராணுவத்து அதிகாரி ஒருத்தர், ‘வைவர்ன்’ங்கிற புனைபேர்ல ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’னு ஒரு சமையல் புத்தகம் போட்டார். மெட்ராஸ் பங்களாக்கள்ல நல்ல ஐரோப்பியச் சமையல் எப்படிச் செய்றதுன்னு சொல்ற புத்தகம், முப்பது மெனுவோட. யோசிச்சுப் பாருங்க, அந்த பிரெஞ்சுப் பேர்களை எல்லாம் வாயில நுழைச்சு, அடுப்புல நின்னு சமைச்சது யாரு? நம்ம ஊர் சமையல்காரங்க. மெனு கார்டு நம்ம ஆளுங்களுக்குப் புதுசுன்னு யாரும் சொல்ல முடியாது.

ஜெர்மனியில ஒவ்வொரு டிசம்பர் 31-ம் டிவியில ‘டின்னர் ஃபார் ஒன்’னு ஒரு குட்டி நாடகம் போடுவாங்க. 1963-ல ஹாம்பர்க்ல பதிவு பண்ணது. ஒரு வயசான அம்மாவோட தொண்ணூறாவது பிறந்த நாள் விருந்து. பட்லர் கொண்டு வர்ற முதல் அயிட்டம் மல்லிகடானி சூப். ஒவ்வொரு புது வருஷத்துக்கும் முந்தின ராத்திரி ஜெர்மன்காரங்க வீட்டு டிவியில நம்ம மிளகுத் தண்ணி பேரு கேக்குது.

நம்ம பக்கத்துலயும் அது இன்னொரு பேருல இருக்கு. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓட ஆரம்பிச்சது, தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில். ரயில்வே வேலையை நம்பி ராயபுரம், பெரம்பூர் பக்கம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இருந்தாங்க. அவங்க வீட்டுல ரசத்துக்குப் பேரு ‘பெப்பர் வாட்டர்’. மிளகுத் தண்ணியோட நேர் மொழிபெயர்ப்பு. க்ரீமும் கிடையாது, ஆப்பிளும் கிடையாது, சோத்துல ஊத்திச் சாப்பிடுற அசல் மிளகுத் தண்ணி. அவங்க வீட்டு ‘பால் கறி’ இருக்கே, அது மாட்டுப் பால் இல்ல, பந்து. கொத்துக்கறி உருண்டைக் குழம்பு. நம்ம கோலா உருண்டைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்.

இன்னொரு உதாரணம், வூஸ்டர் சாஸ். எழுத்துல பார்த்தா பெரிய ரயில் மாதிரி நீளமா இருக்கும், சொல்றது ‘வூஸ்டர்’. 1837-ல இருந்து இங்கிலாந்துல விக்குது. பாட்டில்ல என்ன இருக்குன்னு பின்னாடி படிச்சுப் பாருங்க: வினிகர், வெல்லப்பாகு, ஆன்சோவி, டாமரிண்ட். ஆன்சோவி நெத்திலி, டாமரிண்ட் புளி. நெத்திலியும் புளியும் சேர்ந்தா என்ன ஆகும்னு காசிமேட்டுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

மாட்டுக்கறியும் பீஃபும்

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தோம். இனிமே சொல்றது கொஞ்சம் உறுத்தும்.

இங்கிலீஷ்ல உயிரோட இருந்தா ‘கவ்’, தட்டுல வந்தா ‘பீஃப்’. ‘ஷீப்’ தட்டுல ‘மட்டன்’. ‘பிக்’ தட்டுல ‘போர்க்’. ஏன் ரெண்டு ரெண்டு பேரு? 1066-ல பிரெஞ்சு பேசின நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிச்சாங்க. மேய்ச்சவன் பேசினது பழைய இங்கிலீஷ், உட்கார்ந்து சாப்பிட்ட துரை பேசினது பிரெஞ்சு. கொட்டகையில ஒரு மொழி, மேசையில ஒரு மொழி. ஒரே நாள்ல நடக்கல, நூற்றாண்டுக்கணக்குல படிஞ்சது. ஆனா அந்தக் கோடு இன்னும் அழியல.

நம்ம ஏரியாவுல அதே கோடு கண்ணுக்கு முன்னாடி விழுது. வண்டிக்கடையில ‘மாட்டுக்கறி’ன்னு சொன்னா சிலர் முகத்தைச் சுளிப்பாங்க. ‘பீஃப்’னு போர்டு வெச்சா அதே ஆளு வந்து உட்காருவார். கறி மாறல, சமைக்கிற ஆளும் மாறல. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல ஒரு துரை வீட்டு மேசையில இருந்த மரியாதையை இந்த வார்த்தை நம்ம தெருவுக்குக் கொண்டு வருது. சொந்த மொழியில அந்த மரியாதை கிடைக்கலங்கிறதுதான் கஷ்டமா இருக்கு. யாருக்குக் கிடைக்கல, எதனால கிடைக்கலன்னு உங்களுக்கே தெரியும்.

ஸ்காட்லாந்துல ‘ஹாகிஸ்’னு ஒண்ணு. ஆட்டோட இதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸோட கலந்து ஆட்டு வயித்துப் பையிலயே அடைச்சு வேகவைக்கிறது. ஜனவரி 25, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த நாளுக்கு அதை பேக்பைப் வாசிச்சு ஊர்வலமா மேசைக்குக் கொண்டு வருவாங்க. இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட்ல வர்ற ‘பிளாக் புட்டிங்’ ரத்தத்துல செய்றது, பேரைப் பார்த்து டெசர்ட்னு ஆர்டர் பண்ணிடாதீங்க. எடின்பரோ போய் இதைச் சாப்பிட்டு போட்டோ போடுறவங்க இருக்காங்க. தண்டையார்பேட்டையில போட்டியும் ரத்தப் பொரியலும் சுவரொட்டியும் சாப்பிட்டதை அதே ஆளு போட்டோ போடுவாரா? போட மாட்டார்னா, தடுக்கிறது நாக்கு இல்ல. அந்தப் பேருகூட ஒட்டிக்கிட்டு இருக்கிற தெரு.

ஆனா ஒரு பேரை விடாம சொல்லிக்கிட்டே இருந்தா ஊரே கத்துக்கும்கிறதுக்கும் நம்ம பக்கத்துலயே சாட்சி இருக்கு. பர்மாவுல இருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பீச் ரோடு பக்கம் ‘அத்தோ’ போட்டாங்க. ‘பர்மீஸ் நூடுல்ஸ் சாலட்’னு பேரை மாத்தல. இன்னைக்குச் சென்னையோட அந்தக் கடைசியில இருந்து வண்டி ஓட்டிக்கிட்டு வர்றவங்களும் அத்தோன்னுதான் கேக்குறாங்க.

பேரு மட்டும் இருந்தாப் பத்தாது, உள்ள போடுற பொருளும் வேணும். மார்சே சாசனம் மீன் பட்டியல் போடுது, ஏன்னா அங்க கடல்ல அந்த மீன் இருக்கு. எண்ணூர் கழிமுகத்துல இறாலும் நண்டும் மடவையும் பிடிச்ச குடும்பங்கள், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் படலம் வந்தப்போ வலையைக்கூடக் கழுவ முடியாம நின்னாங்க. ஆத்துல அந்த மீன் இல்லாமப் போனா, அந்தக் குழம்போட பேரு பாட்டி வாயோட நின்னுடும். எந்த மெனு கார்டும் அப்புறம் அதைத் தேடி வராது.

தம்பி கேட்டதுக்கு நேரான பதில்

அடுத்த டீம் டின்னருக்கு மூணு விஷயம். ஒண்ணு, பேருக்குக் கீழ சின்ன எழுத்துல பொருள் பட்டியல் இருக்கும், அதைப் படிங்க. ரெண்டு, புரியலன்னா சர்வரைக் கூப்பிட்டு “இதுல என்ன இருக்கு, எப்படிச் செஞ்சது?”ன்னு தமிழ்லயே கேளுங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றது அவர் வேலை. அதைக் கேக்குறதுல உங்க மானம் போகாது. அநேகமா அவரும் நம்ம மாதிரி இந்தப் பேரையெல்லாம் மனப்பாடம் பண்ணித்தான் வந்திருப்பார். மூணு, உச்சரிப்பு. மிளகுத் தண்ணியை அவங்க மல்லிகடானி ஆக்கினாங்க, கட்டுமரத்தைக் கேட்டமரான் ஆக்கினாங்க, சுருட்டை ‘ஷெரூட்’ ஆக்கினாங்க. யாரும் மன்னிப்புக் கேக்கல. அகராதியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. நீங்க பூயபேஸைக் கொஞ்சம் கோணலாச் சொன்னா மார்சே மூழ்கிடாது.

இப்ப உங்க எல்லாருக்கும் ஒரு வேலை. உங்க வீட்டுல செய்ற, ஆனா எந்த ஹோட்டல் மெனுவுலயும் பார்க்காத ஒரு சாப்பாட்டுப் பேரை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வீட்டுல அதைச் சமைக்கிறவங்க குரல்லயே இருந்தா இன்னும் நல்லது. எந்த மீன், எந்தச் சட்டி, யாரு கத்துக்கொடுத்தாங்க, அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க. இங்கிலீஷ்ல மாத்த வேண்டாம். அதையெல்லாம் வெச்சுத்தான் அடுத்த எபிசோட்.

வரேன் மக்களே.